கேமிங் கைபேசியை மாற்றும் முன்: கேள்வி பதில்

கேமிங் கைபேசியைப் புதிய மாடலுக்கு மாற்றலாமா என்று பலர் கேட்டிருந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஏசுஸ் நிறுவனத்தின் கேமிங் கைபேசியான ரோக் ஃபோன் 6 வைத்திருக்கிறேன். நான் ஆடும் கேமில் நொடிக்கு 60 பிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) மேல் வைக்க வழியில்லை. ரோக் ஃபோன் 9 வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: பெரிதாகத் தெரியாது. நொடிக்கு 60 பிரேம் என்றால், ஒவ்வொரு பிரேமையும் வரைந்து முடிக்க சிப்புக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. உங்கள் கைபேசியில் உள்ள ஸ்னாப்டிராகன் 8+ ஜென் 1 சிப் அந்த வேலையை 12 மில்லிநொடியிலும், ரோக் ஃபோன் 9-இல் உள்ள 8 எலைட் 6 மில்லிநொடியிலும் முடிப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், கேம் விதித்த உச்சவரம்பு அப்படியே இருக்கும்வரை மிச்ச நேரத்தில் இரண்டும் சும்மாதான் இருக்கும். புதிய சிப் அதே வேலைக்குக் குறைவான மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்பதும், சண்டை உச்சத்தில் இருக்கும்போது பிரேம் எளிதில் சரியாது என்பதும் உண்மையான ஆதாயங்களே. ஆனால் அப்படிப்பட்ட சரிவு உங்கள் கைபேசியில் இப்போது இருக்கிறதா? பிரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது. சராசரியை விட்டுவிட்டு, நெருக்கடியான கட்டத்தில் எண் எதுவரை இறங்குகிறது என்று கவனியுங்கள். 57, 58-இல் நின்றால் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: என் கைபேசியில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 இருக்கிறது. முதல் பத்து நிமிடம் அருமையாக ஓடுகிறது. அரை மணி நேரத்தில் சூடேறி, பிரேம் 40-க்கு வந்துவிடுகிறது. சிப் பழசாகிவிட்டது என்று பொருளா?

பதில்: உங்கள் சிக்கல் சூடுதான். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. திராட்லிங் என்பது இதுவே. உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. பின் கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, கேமின் ஒரே பகுதியில் அரை மணி நேரம் ஆடுங்கள். அடுத்த முறை அதையே மேசை விசிறியின் காற்று கைபேசியின் முதுகில் நேராகப் படும்படி வைத்து ஆடுங்கள். விசிறிக் காற்றில் பிரேம் சரியாமல் நின்றால், கைபேசியின் முதுகைக் கவ்விக்கொண்டு குளிர்விக்கும் கூலர் ஒன்றே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

இருந்தாலும், இந்தக் குறிப்பிட்ட சிப்பை வைத்திருப்பவர்கள் மாற நினைப்பதில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். 8 ஜென் 1 சாம்சங்கின் 4 நானோமீட்டர் முறையில் தயாரானது. 2022-இல் சிப்பை வடிவமைத்த குவால்காம், ஏறக்குறைய அதே வடிவமைப்பைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8+ ஜென் 1 என்று வெளியிட்டபோது, மின்சாரச் செலவு கண்கூடாகக் குறைந்தது. பெயரில் ஒரு கூட்டல் குறிதான் வேறுபாடு. நீண்ட நேரம் ஆடுபவருக்கோ அது பெரிய வேறுபாடு. ஆகவே 8 ஜென் 1-இலிருந்து 8 ஜென் 2-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ போவது பயன் தரும். 8+ ஜென் 1-இலிருந்து போவதற்கு அவசரமில்லை.

கேள்வி: 165 ஹெர்ட்ஸ் திரையிலிருந்து (நொடிக்கு 165 முறை புதுப்பிக்கும் திரை) 185 ஹெர்ட்ஸ் திரைக்குப் போகலாமா?

பதில்: அதற்காக மட்டும் வேண்டாம். 60-இலிருந்து 120-க்குப் போகும்போது பிரேம்களுக்கு இடையிலான நேரம் 8.3 மில்லிநொடி குறைகிறது. 165-இலிருந்து 185-க்குப் போனால் குறைவது ஒரு மில்லிநொடிகூட இல்லை.

கேள்வி: மூன்று வருடப் பழைய கைபேசி. வேகம் குறையவில்லை, ஆனால் பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. புதிது வாங்குவதுதான் வழியா?

பதில்: பேட்டரியை மாற்றுங்கள். லித்தியம் அயன் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகு கொள்ளளவை இழப்பது இயல்பு. சார்ஜ் போட்டபடியே சூட்டில் ஆடினால் அது இன்னும் விரைவாக நடக்கும். உங்கள் மாடலில் பைபாஸ் சார்ஜிங் இருந்தால், வீட்டில் ஆடும்போது அதை இயக்குங்கள். மின்சாரம் பேட்டரிக்குள் போகாமல் நேராகக் கைபேசிக்குப் போகும். பின்பக்கக் கண்ணாடி சற்றே மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அப்படியானால் உடனே அணைத்துவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புதிய மாடல் என்றாலே பேட்டரி பெரிது என்று எண்ண வேண்டாம். ரோக் ஃபோன் 7-இல் 6000 மில்லி ஆம்பியர் மணி இருந்தது. ரோக் ஃபோன் 8-இல் அது 5500 ஆகக் குறைந்தது.

கேள்வி: ஆன்லைன் ஆட்டத்தில் சுட்ட பிறகுதான் எதிரி நகர்ந்தது தெரிகிறது. கைபேசியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிரேம் நிலையாக இருந்து பிங் (கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) மட்டும் தாவுகிறது என்றால் குறை இணைப்பில் இருக்கிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரவுட்டருக்கு அருகில் அமர்ந்து ஆடிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. தொடர்ந்து பயன்படுத்தலாமா?

பதில்: வங்கிச் செயலிகளும் முக்கியக் கணக்குகளும் அதே கைபேசியில் இருந்தால், மாற்றுவதற்கு இது வலுவான காரணம், என் பார்வையில், பிரேம் எண்ணிக்கையை விடவும் வலுவானது. அவற்றை வேறொரு கைபேசிக்கு மாற்றிவிட்டு, இதைக் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியுமானால், தாராளமாகத் தொடருங்கள். புதிது வாங்குவதாக இருந்தால், அந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு அப்டேட் தருவதாக நிறுவனம் எழுத்தில் உறுதியளித்திருக்கிறது என்பதையும், உங்களிடம் உள்ள கூலரும் கன்ட்ரோலரும் அதன் உடலில் பொருந்துமா என்பதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.