ஐந்து மாடிக்குக் கயிற்றில் ஆள் இறக்கலாமா?

கேள்வி: கல்முனையில் கடற்கரைப் பக்கமாக எங்களுக்கு ஐந்து மாடிக் கட்டடம் இருக்கிறது. பக்கச் சுவரில் பூச்சு வெடித்து இரண்டு இடத்தில் கம்பி தெரிகிறது. ஒழுங்கை நாலடிதான், சாரம் கட்ட இடமில்லை. கயிற்றில் ஆள் இறக்கித் திருத்திப் பெயின்டும் அடித்துத் தருவதாக ஒரு கொந்தராத்துக்காரர் சொல்கிறார். சாரத்துக்கு ஆகிற காசில் பாதிதானாம். கொடுக்கலாமா?

பதில்: கயிற்றை நம்பலாம். எனக்கு உறுத்துவது அந்தப் பாதிக் காசு.

முறையாகச் செய்தால் ஒருவர் இறங்க இரண்டு கயிறு வேண்டும். ஒன்றில் தொங்கி வேலை செய்வார், மற்றது அது போனால் அவரைப் பிடிக்க. இரண்டையும் மேலே வெவ்வேறு இடத்தில் கட்ட வேண்டும். வேலை முடியும்வரை ஒரு மேற்பார்வையாளர் அங்கேயே நிற்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்து பாதி விலைக்கு வருகிறதென்றால் ஒரு கயிறு குறைந்திருக்கலாம், இல்லாவிட்டால் ஓர் ஆள் குறைந்திருக்கலாம்.

அப்புறம் சான்றிதழ். ‘ஐராட்டா’ (IRATA, கயிற்றில் தொங்கி வேலை செய்வோருக்கான சர்வதேச அமைப்பு) என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட பயிற்சிதான். மூன்று படி உண்டு, மூன்றாம் படிக்காரர்தான் மேற்பார்வை பார்க்கலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் கொந்தராத்தை எடுப்பவர் ஒருவர், அதை வாங்குபவர் இன்னொருவர், கடைசியில் வருவது நாட்கூலிக்கு ஏறும் இரண்டு பெடியன்கள். தாளில் உள்ள முகம் உங்கள் ஒழுங்கைக்கு வரவே வராது. தாளின் நகல் போதாது. வேலை தொடங்கும் காலையில் வந்த ஆளின் அட்டையை வாங்கி, இலக்கத்தை அந்த அமைப்பின் இணையத்தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

மட்டக்களப்பில் ஒரு கட்டடத்தில் நான் கண்டது இது. வள்ளம் கட்டுகிற நீலப் பிளாஸ்டிக் கயிறு, ஒன்றே ஒன்று. சிலாப் விளிம்பில் உரசாமல் இருக்க ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். சாக்கு நழுவிப்போய், விளிம்பு பட்ட இடத்தில் கயிறு தும்பாகப் பிரிந்து நின்றது. கீழே பெடியன் பாட்டுக் கேட்டுக்கொண்டு பெயின்ட் அடிக்கிறான். கட்டட அனுமதிக்கு நம்மை ஏழு தரம் அலையவிடுகிறவர்கள், கட்டி முடிந்த பிறகு மேலே யார் எதில் தொங்குகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. யாராவது விழுந்தால் மட்டும் வருவார்கள்.

மேலே எதில் கட்டுவது? விளிம்புச் சுவரில் கூடாது; அது வெறும் கல்லடுக்கு. தண்ணீர்த் தாங்கியின் காலிலும் கூடாது. “ஆயிரம் லீட்டர், ஒரு தொன் நிறை, அசையுமா?” என்பார்கள். நிறை கீழ்நோக்கி அழுத்துகிறது. கயிறு இழுப்பதோ பக்கவாட்டில். ஒரேயொரு விலக்கு உண்டு. தாங்கியின் கால்கள் கட்டடத்தின் கொங்கிறீற் தூண்களே மேலே நீண்டு வந்தவையாக இருந்தால் கட்டலாம். கண்டுபிடிக்க, ஐந்தாம் மாடிக்குள் போய் அந்தக் கால்களுக்கு நேர் கீழே தூண் நிற்கிறதா என்று பாருங்கள். வெறும் கூரை தெரிந்தால் அது பிறகு வைத்த கால். தூண் இருந்தாலும் வெடிப்பு, துருக்கறை இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியென்றாலும் ஒரு பொறியியலாளர் பார்த்து எழுதித் தரட்டும். இரண்டு கயிற்றையும் ஒரே காலில் கட்ட விடாதீர்கள்.

இனி உங்கள் சுவர். கம்பி தெரிவது உப்புக்காற்றின் வேலை. கடல் மண்ணைக் கழுவாமல் குழைத்திருந்தால் இன்னும் மோசம். மேலே பூசி மறைத்தால் துரு உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். தளர்ந்த கொங்கிறீற்றை உடைத்து, கம்பியைச் சுரண்டித்தான் அடைக்க வேண்டும். இரண்டு மூன்று இடமென்றால் கயிற்றில் முடியும். தட்டும்போது சுவர் முழுக்கப் பொள்ளலாக ஒலித்தால் சாரம்தான் வழி. நாலடிக்குள்ளும் ஒடுக்கமான இரும்புச் சாரம் நிற்கும், பக்கத்து வீட்டாரோடு பேச வேண்டிவரும். கயிறானாலும் வேலை நேரத்தில் ஒழுங்கையை மூடத்தான் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் பகலிலும் மாரியிலும் ஆளை இறக்க விடாதீர்கள்.

கொந்தராத்துக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: “மூன்றாம் மாடியில் தொங்குகிறவர் மயங்கினால் யார் இறக்குவது?” பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் சில நிமிடத்திலேயே ஆபத்து. 1990க்கு அடித்தால் ஆம்புலன்ஸ்தான் வரும், ஏணி வராது. அவர்களிடமே இறக்கத் தெரிந்த இன்னொருவர் மேலே தயாராக இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பதில் கிடைத்தால், முதலில் ஒரு நாளைக்கு மட்டும் அமர்த்தி, சுவர் முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலான இடங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். முழு வேலைக்கு விலை பேசுவது அந்தப் படங்களைப் பார்த்த பிறகு.