போலித்தனம் என்றால் என்ன? அதை ஏன் யாருக்கும் பிடிப்பதில்லை?

மனதில் இருப்பதை வெளியே காட்டாமல் இருப்பதெல்லாம் போலித்தனம் ஆகாது. துக்க வீட்டில் சிரிப்பை அடக்கிக்கொள்பவரை யாரும் போலி என்பதில்லை. இல்லாததை இருப்பதாக நம்பவைத்து, அதற்கான பலனையும் வாங்கிக்கொள்வதுதான் போலித்தனம்.

மில்லி வனில்லி கதையைப் பாருங்கள். ஜெர்மனியில் உருவான, இருவர் கொண்ட பாப் இசைக்குழு. ராப் பிலாட்டஸ், ஃபாப் மோர்வன் இருவரும் மேடையில் ஆடுவார்கள், வாயசைப்பார்கள். 1990 பிப்ரவரியில் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமி விருதும் வாங்கினார்கள். அந்த நவம்பரில், ஆல்பத்தில் இருப்பது அவர்கள் குரலே இல்லை என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனே போட்டு உடைத்தார். விருது பறிபோனது. அமெரிக்காவில் ஆல்பம் வாங்கியவர்கள் வழக்குப் போட்டு, பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி செய்துகொண்டார்கள்.

நேற்று ரசித்த அதே பாட்டுதானே, என்ன மாறிவிட்டது? நம் சினிமாவிலும் கதாநாயகன் வாயசைக்கத்தான் செய்கிறார். ஆனால் பாடியவர் பெயரை வெளிப்படையாகவே போடுகிறார்கள், யாரும் ஏமாறுவதில்லை. ஆக, எரிச்சல் வாயசைப்பால் வரவில்லை. நம் கைத்தட்டலைத் தவறான ஆளுக்குக் கொடுக்க வைத்துவிட்டார்களே என்பதால் வருகிறது. கூடவே, 'இவ்வளவு நாள் நம்பித் தொலைத்தேனே' என்ற வெட்கம். அப்புறம் அந்த ஆள் உண்மையே சொன்னாலும் சந்தேகம்தான். பழைய பேச்சையெல்லாம் மறுபடி கிளறிப் பார்க்கத் தோன்றும்.

என்னைக் கேட்டால், திட்டம் போட்ட ஃபாரியனைவிட முகம் காட்டிய அந்த இருவருக்குத்தான் அதிகம் அடி விழுந்தது. அது கொஞ்சம் அநியாயம்.