இங்கிலாந்துக் கிராமமொன்றில் மதுவே விற்காத தேநீர் விடுதி எவ்வாறு மதுவிடுதியாக மாறியது?

நான் நன்கறிந்த ஒரே ஊரை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன். லிவர்பூலில் பணியாற்றிய காலத்தில், மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் உள்ள போர்ட் சன்லைட் கிராமத்துக்கு அடிக்கடி செல்வேன். நம் வீடுகளிலும் புழங்கிய சன்லைட் சோப்பைத் தயாரித்த வில்லியம் லீவர், தம் தொழிலாளர்களுக்காக 1888இல் நிறுவத் தொடங்கிய ஊர் அது. அங்குள்ள பிரிட்ஜ் இன் 1900இல் திறக்கப்பட்டபோது, மதுவிலக்கு இயக்கத்தின் கொள்கைப்படி தேநீரும் உணவும் தங்கும் அறையும் மட்டுமே தரும் விடுதியாக இருந்தது. லீவரும் மது அருந்தாதவர்.

அந்த விடுதியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, லீவர் அந்த ஊரை நடத்திய விதத்தை முதலில் அறிய வேண்டும். வீடு, பள்ளி, உணவுக்கூடம், பொழுதுபோக்கு அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தமாக இருந்தன; வேலையை இழந்தவர் வீட்டையும் இழக்க நேர்ந்தது. இலாபத்தைப் பணமாகப் பகிர்ந்தளித்தால் அது விஸ்கியிலும் இனிப்பிலும் கிறிஸ்துமஸ் வாத்திலும் கரைந்துவிடும் என்று கருதிய லீவர், அதை வீடுகளாகவும் பொதுக் கட்டடங்களாகவும் மாற்றித் தந்தார். தொழிலாளி தன் கூலியை எப்படிச் செலவிட வேண்டும் என்பதையும் முதலாளியே தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை, வீடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், என்னால் முழுமனத்துடன் பாராட்ட முடிந்ததில்லை.

ஆனால், விடுதி திறந்த சில ஆண்டுகளுக்குள் மது விற்க உரிமம் வேண்டும் என்று ஊரார் கேட்டபோது, அக்கோரிக்கையை லீவர் தம் அதிகாரத்தால் தள்ளிவிடாமல் ஊராரின் வாக்கெடுப்புக்கே விட்டார். பிரிட்டனில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை 1918இல்தான், அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டுமே கிடைத்தது என்பதை நினைத்தால், இந்த வாக்கெடுப்பில் பெண்களும் பங்கேற்றது எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும். பெரும்பான்மையினர் உரிமத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். தம் கொள்கைக்கு மாறான அந்த முடிவை லீவர் ஏற்றுக்கொண்டார். எனக்கு அவர்மீது மதிப்பு கூடிய இடம் இதுதான். அன்று மதுவிடுதியான பிரிட்ஜ் இன், நிறுவனம் 1980களில் வீடுகளைத் தனியாருக்கு விற்கத் தொடங்கிய பின்னரும் மதுவிடுதியாகவே நீடித்தது.

மக்களிடம் கேட்டால் மதுவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். லண்டனுக்கு வடக்கே உள்ள லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரில் 1907இல் திறக்கப்பட்ட ஸ்கிட்டில்ஸ் இன், தோற்றத்தில் மதுவிடுதியாக இருந்தாலும் தேநீரும் கோக்கோவுமே விற்றது. அங்கும் ஊராரிடம் வாக்கு கேட்கப்பட்டது. மது வேண்டாம் என்றே அவர்கள் முடிவு செய்தனர். 1925இல் அக்கட்டடம் முதியோர் கல்விக்கான நிலையமாயிற்று.