ஆயுள் முழுக்க இலவச மாத்திரை: கஜானா தாங்குமா?

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அரசு ஆயுள் முழுக்க இலவச மருந்து தருகிறது. ஊரில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தால் இன்னும் பல பேர் சேர்வார்கள். செலவு ஏறிக்கொண்டேதானே போகும்?
- ஓய்வுபெற்ற கணக்கர், கும்பகோணம்

பதில்: ஏறத்தான் செய்யும், ஐயா. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட 8 மையங்களில் இலவச ஏ.ஆர்.டி. (வைரஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) சிகிச்சை தொடங்கியது. அன்று சேர்ந்தவர்களில் பலர் இன்றும் வந்து மாத்திரை வாங்கிப் போகிறார்கள். ஆட்கள் பிழைத்திருப்பதால் ஏறுகிற பற்று இது.

மாத்திரை விலை மட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்ததை 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001-ல் இந்திய மருந்து நிறுவனமான சிப்லாவின் யூசுஃப் ஹமீது அறிவித்தார். இன்று உலக அளவிலான மொத்தக் கொள்முதலில் 45 டாலருக்கும் குறைவு. அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பணம் போவது ரத்தத்தில் வைரஸ் அளவு பார்க்கும் சோதனைக்கும், ஆலோசகர் சம்பளத்துக்கும், பாதியில் நின்றவரைத் தேடிப் போகிறவரின் பஸ் செலவுக்கும்தான். போதாததற்கு, 30 வயதில் வந்தவருக்கு இப்போது 50. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்துவிட்டன. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்!

வரவுப் பக்கமும் உண்டு. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96% குறைகிறது என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. தொற்றாத ஒவ்வொருவராலும் அரசுக்கு ஓர் ஆயுளுக்கான மாத்திரை மிச்சம்.

ஆனால் 'எல்லோருக்கும் பரிசோதனை' என்பதில் நான் உங்கள் கட்சி. தென்னாப்பிரிக்காவில் 15 முதல் 49 வயதுக்குள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத் தொற்று. அங்கே வீடு வீடாகப் போவதில் நியாயம் இருக்கிறது. அங்கும் ஜாம்பியாவிலும் அப்படிப் போய்ப் பார்த்தார்கள். புதிய தொற்று குறைந்தது, நினைத்த அளவுக்கு இல்லை. வேலைக்குப் போன ஆண்கள் வீட்டில் அகப்படவில்லை. இந்தியாவில் பெரியவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். இங்கே கதவு கதவாகத் தட்டினால் காசு கரையும். கர்ப்பிணிகள், காசநோயாளிகள், தொற்று உள்ளவரின் துணை என்று தேர்ந்து பார்ப்பதே கட்டுப்படியாகும். தானாக வருகிறவருக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையம் இருக்கிறது.

ஆனால் சிக்கனம் என்று, பாதியில் நின்றவரைத் தேடிப் போகும் களப்பணியாளர்மேல் கை வைக்கக் கூடாது. மருந்தை விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்குப் பழைய மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். அடுத்த கட்ட மருந்து விலை கூடியது. முதலில் வெட்டு விழுவது களப்பணியில்தான் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அந்த அரசு மாத்திரையைத் தன் பணத்தில்தான் வாங்குகிறது. 2025-ல் அமெரிக்க உதவி நின்றபோது அங்கே வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கான ஆலோசகர்களும் களப்பணியாளர்களும்.