தாது வருஷத்தை எந்தப் புலத்தில் போடுவது? – டிஜிட்டல் நூலகக் கேள்வி பதில்

பழைய நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவரும் சிறு நூலகங்களின் கேள்விகளில், மெட்டாடேட்டா, அதாவது ஒவ்வொரு நூலையும் பற்றிய விவரப் பதிவு தொடர்பானவை இந்த முறை. அந்தப் பதிவின் ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம்.

எங்களிடம் 1930களில் வந்த தமிழ் மாத இதழ்கள் சுமார் 600 ஸ்கேன் ஆகி, டிஸ்பேஸ் என்ற களஞ்சிய மென்பொருளில் ஏறத் தயாராக உள்ளன. டப்ளின் கோர் என்ற விவரப் பதிவுத் தரத்தின் 15 புலங்களையும் நிரப்பியே ஆக வேண்டுமா?
– அறக்கட்டளை நூலகப் பொறுப்பாளர், காரைக்குடி

வேண்டாம். டப்ளின் கோரில் எந்தப் புலமும் கட்டாயமில்லை. எதையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கொடுக்கலாம். தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டாளர், வெளிவந்த தேதி, மொழி, வகை, அடையாள எண், உரிமை இந்த எட்டும் ஒழுங்காக இருந்தால் 600 இதழையும் தைரியமாக ஏற்றலாம். பொருள் தலைப்புகளைப் பிறகு ஒருவர் உட்கார்ந்து சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சறுக்கல் தலைப்பில்தான் நடக்கும். 'மலர் 3, இதழ் 7' என்று மட்டும் போட்டுவிடுவார்கள். அந்த இதழின் பெயர் கொண்ட தொகுப்புக்குள் நின்று பார்த்தால் எல்லாம் புரியும். வேறொரு தளம் அந்தப் பதிவைத் திரட்டிக்கொண்டு போகும்போது தொகுப்பின் பெயர் பதிவுக்குள் போகாது. அங்கே தேடுபவருக்கு எந்த இதழின் மலர் 3 என்றே தெரியாது. இதழ்ப் பெயர், மலர், இதழ் எண், மாதம், ஆண்டு ஐந்தும் தலைப்புக்குள்ளேயே இருக்கட்டும். நீளம் பற்றிக் கவலை வேண்டாம்.

தேதி என்பது இதழ் அச்சாகி வந்த தேதி. ஏற்றிய நாளை டிஸ்பேஸ் தானாகவே தனிப் புலத்தில் குறித்துக்கொள்ளும். வெளியீட்டுத் தேதியைக் காலியாக விட்டால், பல தளங்களில் 1936இல் வந்த இதழ் இந்த ஆண்டு வெளியானதாகக் காட்டும்.

ஒரே ஆசிரியரின் நூல்கள் எங்கள் தளத்தில் ஐந்து பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயரே இல்லாதபோது 'கடைசிப் பெயர், முதல் பெயர்' என்ற கட்டத்தில் எதைப் போடுவது?
– கல்லூரி நூலகர், திருச்சி

உ.வே.சா.வையே எடுத்துக்கொள்வோம். பழைய தலைப்புப் பக்கங்களில் அவர் 'உத்தமதானபுரம் வே. சாமிநாதையர்'. பிற்காலப் பதிப்புகளில் 'மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள்'. சிலர் 'சாமிநாத ஐயர்' என்று பிரிப்பார்கள். புள்ளிக்குப் பின் இடம் விட்டால் ஒன்று, விடாவிட்டால் இன்னொன்று. கணினிக்கு இவர்கள் அத்தனை பேரும் வேறு வேறு ஆட்கள்.

கடைசிப் பெயர் என்று கேட்கும் கட்டத்தில் ஆளின் சொந்தப் பெயரைப் போடுங்கள். அடுத்த கட்டத்தில் தலைப்பெழுத்துகளை. 'சாமிநாதையர், உ. வே.' என்று வரும். நூலகப் பட்டியல்களில் நெடுங்காலமாக இருக்கும் முறை இதுதான். இப்படிச் செய்யாவிட்டால் அகரவரிசையில் பாதி தமிழ்நாடு 'எஸ்.' என்பதற்குக் கீழே போய்விடும். மகாமகோபாத்தியாய, டாக்டர், அவர்கள், புலவர் போன்ற பட்டங்களை ஆசிரியர் புலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தலைப்புப் பக்கத்தில் இருந்தபடியே முழுப் பெயரும் வேண்டுமென்றால் குறிப்புப் புலம் இருக்கிறது. ஒப்புக்கொண்ட பெயர் வடிவங்களைத் தனி விரிதாளில் வைத்து, பக்கத்துக் கட்டத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் விக்கிடேட்டா அல்லது வியாஃப் (நூலகங்களின் பன்னாட்டுப் பெயர்ப்பட்டியல்) எண்ணையும் குறியுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

யார் ஆசிரியர் என்பதிலும் குழப்பம் வரும். 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்பில் ஆசிரியர் திருத்தக்கதேவர், உரைகாரர் நச்சினார்க்கினியர், பதிப்பாசிரியர் உ.வே.சா. மூவரையும் ஒரே புலத்தில் அரைப்புள்ளி போட்டு அடுக்குவது பெரும் தவறு. மூன்று பெயரும் ஒட்டி ஒரே நீண்ட ஆளாகிவிடும். திருத்தக்கதேவரை ஆசிரியராகவும், மற்ற இருவரையும் பங்களித்தோர் புலத்தில் தனித்தனியாகவும் கொடுங்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வழியாக டிஸ்பேஸில் ஏற்றினால், ஒரே புலத்தின் இரு மதிப்புகளுக்கு இடையே இரண்டு குத்துக்கோடுகள் வரவேண்டும். எளிய டப்ளின் கோராக வெளியே போகும்போது 'உரை', 'பதிப்பு' என்ற வேறுபாடு மறைந்துவிடும். அதனால் விளக்கப் புலத்தில் 'நச்சினார்க்கினியர் உரையுடன், பதிப்பாசிரியர் உ. வே. சாமிநாதையர்' என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

அட்டையில் 'தாது வருஷம் கார்த்திகை மாதம்' என்று மட்டும் இருக்கிறது. தேதிப் புலத்தில் அப்படியே போடலாமா?
– இதழ்ச் சேகரிப்பாளர், புதுக்கோட்டை

போட்டால் ஆண்டுவாரியான வரிசையிலிருந்து அந்த இதழ் காணாமல் போகும். தேதிப் புலத்துக்கு ஆண்டு, ஆண்டு-மாதம், ஆண்டு-மாதம்-நாள் என்ற எண் வடிவம்தான் புரியும்.

அறுபதாண்டுச் சுற்றின் முதல் வருஷமான பிரபவ, 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. தாது பத்தாவது. ஆக 1876, 1936, 1996. தாது வருஷப் பஞ்சம் 1876இல் தொடங்கியதை நினைவில் வைத்தால் கணக்கு மறக்காது. 1930களின் இதழ் என்றால் 1936 கார்த்திகை, அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை. தேதிப் புலத்தில் 1936-11 என்று கொடுத்து, அச்சில் உள்ளதை அப்படியே குறிப்புப் புலத்தில் எழுதுங்கள். இரண்டில் எதையும் விட்டுவிடாதீர்கள். மாற்றிய கணக்கு தவறானால் திருத்துவதற்கு மூலம் வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது தை, மாசி, பங்குனியில். தாது வருஷம் தை மாதம் 1937 ஜனவரி, 1936 அல்ல. மார்கழி இதழிலேயே பாதி மாதம் அடுத்த ஆண்டில் விழும். தெற்கே அச்சான நூல்களில் கொல்லம் ஆண்டு இருந்தால், ஆவணி முதல் டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டுங்கள். சக ஆண்டுக்கு 78, தை முதல் பங்குனி வரை 79.

எந்தச் சுற்று என்றே தெரியாவிட்டால் விலையையும் முகவரியையும் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972க்குப் பிந்தையது. இப்படி ஊகித்த ஆண்டை ஊகம் என்று குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

'கௌரி' என்று தேடினால் சில நூல்கள் வருகின்றன, சில வருவதில்லை. 'ஸ்ரீ'யில் தொடங்கும் தலைப்புகளும் அப்படியே. எழுத்தெல்லாம் சரியாகத்தானே தெரிகிறது?
– தட்டச்சர், மதுரை

கண்ணுக்குச் சரி, உள்ளே வேறு. 'கௌரி' என்பதில் வருவது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக்கொம்பையும் 'ள' எழுத்தையும் சேர்த்து 'கெளரி' என்று அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரிவதே அரிது. 'ஔவையார்', 'ஒளவையார்' விஷயமும் இதே. 'ஸ்ரீ'க்கும் யூனிகோடில் இரண்டு வழி உண்டு: 'ஸ'வில் தொடங்குவது ஒன்று, 2005இல் சேர்ந்த 'ஶ'வில் தொடங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் திரையில் ஒரே உருவம்.

யூனிகோடின் வழக்கமான இயல்பாக்கம், துண்டுகளாக அடித்த ஒகர, ஓகாரக் குறிகளை ஒன்றாக்கிவிடும். இந்த மூன்றையும் தொடாது. தரவைத் திருத்தும் கருவியான ஓபன்ரிஃபைனில் திறந்து நீங்களே தேடி மாற்ற வேண்டும். 'ஸ்ரீ'க்கு 'ஸ' வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் தரம் எதைச் சொன்னாலும், தேடுபவர்களின் விசைப்பலகை பெரும்பாலும் அதைத்தான் அடிக்கிறது. ஆனால் 'ெள' வரும் இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள்: 'வெள்ளி', 'கெளுத்தி' எல்லாம் கெட்டுப்போகும். பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியின் பழைய கோப்புகளில் 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ௭ உட்கார்ந்திருக்கும். அதையும் கையோடு தேடுங்கள்.

எக்செலில் சேமித்த சிஎஸ்வியைத் திறந்தால் தமிழ் முழுவதும் குப்பையாகத் தெரிகிறது.
– பள்ளி நூலகர், வேலூர்

சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி அல்ல, 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேதிக் கட்டங்களையும் அடையாள எண் கட்டங்களையும் நிரப்புவதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' வகைக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் 1936-11 என்பதை நவம்பர்-36 ஆக்கிவிடும், 0045இன் முன் சுழியங்களைத் தின்றுவிடும். லிப்ரே ஆஃபீஸ் திறக்கும்போதே இவற்றைக் கேட்டுக்கொள்வதால் தொல்லை குறைவு.

பெரிய தேடல் தளம் ஒன்று, பதிவுகளைப் பிற தளங்கள் திரட்டிக்கொள்ள உதவும் எங்கள் ஓஏஐ முகவரியை வாங்கிக்கொண்டது. 2,300 பதிவில் 100தான் அங்கே தெரிகிறது. இணைப்பைத் தட்டினாலும் திறப்பதில்லை.
– கணினிப் பிரிவு, பல்கலைக்கழக நூலகம்

இரண்டும் தனித்தனிக் கோளாறு. டிஸ்பேஸ் ஒரு தடவைக்கு 100 பதிவுகளைக் கொடுத்துவிட்டு, மீதிக்கு 'ரிசம்ப்ஷன் டோக்கன்' என்ற தொடர்ச்சீட்டைத் தரும். திரட்டும் தளம் அந்தச் சீட்டோடு திரும்பி வரும்போது உங்கள் ஃபயர்வால் தடுத்தாலோ, இரண்டாம் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாட்டுக் குறியீடு புகுந்து, பதிவுகளைச் சுமந்துபோகும் எக்ஸ்எம்எல் உடைந்தாலோ, 100இல் நின்றுவிடும். உலாவியில் நீங்களே பதிவுகளைக் கேட்கும் லிஸ்ட்ரெக்கார்ட்ஸ் கோரிக்கையை அனுப்பி, சீட்டை ஒட்டி ஒட்டிக் கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் உடைகிறதோ அந்த நூறுக்குள்தான் குற்றவாளிப் பதிவு இருக்கும்; பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய சுருக்கங்களில் முதலில் தேடுங்கள். பதிவுகளைத் திருத்திய பின் டிஸ்பேஸின் ஓஏஐ இம்போர்ட் கட்டளை இரவுதோறும் தானாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடாவிட்டால் வெளியே போவது பழைய பதிவுதான்.

இணைப்பு திறக்காததற்குக் காரணம் உங்கள் ஹேண்டில் எண் (பதிவுக்கு நிலையான இணைப்பு தரும் எண்) 123456789 என்று தொடங்குவது. அது நிறுவும்போது டிஸ்பேஸ் தரும் மாதிரி எண். நம் நாட்டில் ஏராளமான களஞ்சியங்கள் இதே எண்ணோடுதான் ஓடுகின்றன. எல்லோருக்கும் பொதுவான எண் என்பதால் ஹேண்டில் சேவையகத்துக்கு உங்களைத் தெரியாது. ஆண்டுக் கட்டணம் கட்டி உங்களுக்கென முன்னொட்டு வாங்குங்கள்; அதுவரை அடையாள எண் புலத்தில் உங்கள் தளத்தின் முழு முகவரியே போகும்படி அமைத்துவிடுங்கள். களஞ்சியத்தின் விவரம் கேட்கும் ஐடென்டிஃபை கோரிக்கைக்கு வரும் பதிலில், சொந்தக் கணினியையே குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல் எங்காவது இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

எல்லாப் பதிவிலும் 'காப்புரிமை எங்கள் நூலகத்துக்கே' என்று போட்டிருக்கிறோம். சரியா?
– வாசகசாலைக் குழு, தஞ்சாவூர்

சரியில்லை. ஸ்கேன் செய்ததால் மட்டும் நூலின் காப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு, இலங்கையில் 70 ஆண்டு. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் எழுத்து இந்தியாவில் 2003 முதல் பொதுவுடைமை. அதே நூலின் மறுபதிப்பில் பின்னால் வந்த ஒருவர் எழுதிய முன்னுரைக்குக் கணக்கு வேறு. உரிமைப் புலத்தில் சொந்த வாசகம் எழுதாமல், ரைட்ஸ்ஸ்டேட்மென்ட்ஸ் தளத்தின் 12 உரிமை நிலைகளில் பொருந்தும் ஒன்றின் முகவரியை இடுங்கள். உலகெங்கும் திரட்டும் தளங்கள் அதைப் படித்துத் தாமே வடிகட்டிக்கொள்ளும். நூலின் உரிமை வேறு, அதைப் பற்றி நீங்கள் எழுதிய பதிவின் உரிமை வேறு. பதிவுகளை சிசி ஜீரோவாக, அதாவது எந்த உரிமையும் கோராமல் விட்டுவிடுங்கள்; ஐரோப்பாவின் யூரோப்பியானா போன்ற திரட்டிகள் அதைக் கட்டாயமாகவே கேட்கின்றன.