கேள்வி - பதில்: வளையம் ஏன் 68 செ.மீ.யில் விழாது?

கேள்வி: ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அம்மோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சையும், மறுமுனையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சையும் ஒரே நேரத்தில் வைத்து மூடினால், அம்மோனியம் குளோரைடின் வெண்ணிற வளையம் எங்கே தோன்றும்? அம்மோனியா முனையிலிருந்து 68 செ.மீ. என்று எனக்கு விடை வருகிறது. புத்தகத்திலோ 59 செ.மீ. என்று உள்ளது.

பதில்: அமிலப் பஞ்சிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவின் மூலக்கூறு நிறையான 36.5ஐ அம்மோனியாவின் மூலக்கூறு நிறையான 17ஆல் வகுத்து, வந்த 2.15ஐ அப்படியே வேக விகிதமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 68 என்ற விடையே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரு வாயுக்களின் மூலக்கூறுகளுக்குச் சராசரி இயக்க ஆற்றல் சமம். அந்த ஆற்றலில் நிறை ஒரு முறையும் வேகம் இரு முறையும் பெருக்கப்படுவதால், வேகங்களை ஒப்பிடும்போது நிறைகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் காண வேண்டும். தாமஸ் கிரஹாமின் விதி சொல்வதும் இதுதான். 2.15இன் வர்க்கமூலம் 1.465. ஆகவே ஹைட்ரஜன் குளோரைடு 1 பங்கு தூரம் வருவதற்குள் அம்மோனியா 1.465 பங்கு போய்விடும், 100ஐ 2.465ஆல் வகுத்து 1.465ஆல் பெருக்கினால் 59.4 செ.மீ. கிடைக்கும்.

ஆய்வகத்தில் செய்து பார்த்து, வளையம் 59.4இல் விழவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். கிரஹாம் விதி கண்டிப்பாகப் பொருந்துவது, நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் வெளியேறும் வாயுவுக்குத்தான். நம் குழாய்க்குள் காற்று நிறைந்திருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் அம்மோனியா மூலக்கூறு நொடிக்கு ஏறத்தாழ 660 மீட்டர் வேகத்தில் பறந்தாலும், ஒவ்வொரு நொடியும் காற்று மூலக்கூறுகளோடு கோடிக்கணக்கான முறை மோதித் திசை மாறுவதால், அந்த அரை மீட்டரைக் கடக்கச் சில நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. தேர்வுத்தாளில் 59.4 என்று எழுதுங்கள். செய்முறைக் குறிப்பேட்டில் அளந்ததை எழுதுங்கள்.

கேள்வி: அழுத்தம் மாறாமல் ஒரு வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் கனஅளவு இரட்டிப்பாகுமா?

பதில்: ஆகாது. கனஅளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்னும் சார்லஸ் விதியில் செல்சியஸுக்கு இடமில்லை. 300 கெல்வின் 327 கெல்வினாகிறது. கனஅளவு 9 சதவீதம் கூடுகிறது, அவ்வளவே. இரட்டிப்பாக வேண்டுமானால் 600 கெல்வின், அதாவது 327 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும்.

கேள்வி: லிட்டருக்கு 10⁻⁸ மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 8 என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. சூத்திரப்படி சரிதானே?

பதில்: பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை என்னும் சூத்திரத்தைப் பயன்படுத்தியதில் பிழையில்லை, அதற்குள் இட்ட எண்ணில்தான் பிழை. 8 என்றால் அது காரம். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகாது என்பதை நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே பேனா நின்றிருக்கும். கரைசலில் அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகளோடு நீர் தரும் அயனிகளும் உள்ளன. 25 டிகிரியில் தூய நீரிலேயே அவற்றின் செறிவு லிட்டருக்கு 10⁻⁷ மோல், அதாவது நீங்கள் சேர்த்த அமிலம் தருவதைப் போல் பத்து மடங்கு. இரண்டையும் கூட்டினால் 1.1 × 10⁻⁷. அதன் பிஎச் 6.96. அமிலம் சேர்ந்ததால் நீர் பிரிகையடைவது சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் கொண்டு இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 6.98 வரும். இந்தச் சிரமம் மிக நீர்த்த கரைசலுக்கு மட்டுமே. செறிவு 10⁻⁶ மோலாக இருந்தால், நீரின் பங்கைச் சேர்த்தாலும் பிஎச் 5.996தான்.