அன்னாவை விசாரிக்க வேண்டாம், டாலியோடு வண்டியில் ஏறுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சிலர் சேர்ந்து வாசிப்புக் குழு நடத்துகிறோம். இப்போது டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. முதல் கூட்டத்திலேயே ஒருவர் "பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு இன்னொருவனோடு போனவளுக்கு என்ன பரிதாபம்" என்று ஆரம்பிக்க, ஒரு அக்கா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டத்தில் எதைப் பேசினால் சண்டை வராது?
வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த அக்காவுக்குப் போன் போடுங்கள், நாவல் அப்புறம். சண்டையே வராமல் இந்த நாவலைப் பேச முடியாது, வரவும் வேண்டும். ஆனால் 'அன்னா செய்தது சரியா, தவறா' என்று தலைப்பு வைத்தால் அது பட்டிமன்றம், நடுவர் ஒருவர்தான் பாக்கி. இத்தனைக்கும் அந்த நடுவர் நாற்காலியில் யாரும் உட்காரக் கூடாது என்பதுபோல முகப்பிலேயே ஒரு பைபிள் வசனத்தைப் போட்டு வைத்திருக்கிறார் டால்ஸ்டாய்: 'பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்.' கடவுள் அன்னாவைத் தண்டித்தார் என்றும் இதைப் படிக்கலாம், அது கடவுளின் வேலை, நீ தலையிடாதே என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது கட்சி.

ஏனென்றால் கதை ஆரம்பிப்பதே அன்னாவின் அண்ணன் ஸ்டிவாவின் லீலையில்தான். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் இருந்த பிரெஞ்சுக்காரியோடு அவனுக்குத் தொடர்பு, அது மனைவி டாலிக்குத் தெரிந்துவிட்டது. இதனால் அவனுக்கு விருந்து குறைந்ததா, நண்பர்கள் குறைந்தார்களா? ஒன்றும் இல்லை. பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி பெட்ஸிக்கும் கணவன் தவிர ஒரு ஆள் உண்டு, ஊருக்கே தெரியும், அவள் வீட்டு வரவேற்பறையில் கூட்டம் குறையவே இல்லை. அன்னா ஒளிக்காமல் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம், அதற்கு அவள் நாடகக் கொட்டகைக்குப் போனபோது பக்கத்து இருக்கைக்காரி 'இவள் பக்கத்தில் உட்காருவதே கேவலம்' என்று அவமானப்படுத்துகிறாள். உங்கள் கூட்டத்தில் வாய் திறந்தவரிடம், ஸ்டிவாவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்களேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் சொல்வது ஒரே ஒரு பகுதி: ஆறாம் பாகத்தில் டாலி, காதலன் விரான்ஸ்கியின் பண்ணை வீட்டில் இருக்கும் அன்னாவைப் பார்க்கப் போகும் அத்தியாயங்கள். முடிந்தால் சத்தமாக மாற்றி மாற்றி வாசியுங்கள். டாலி சாதாரண ஆள், பிள்ளைகள், கடன், ஊர் சுற்றும் புருஷன், இதுதான் அவள் வாழ்க்கை. வீட்டில் யோசிக்கக்கூட நேரம் கிடைக்காதவளுக்கு அந்த வண்டிப் பயணத்தில்தான் யோசிக்க நேரம் கிடைக்கிறது. வழியில் ஒரு கிராமத்துப் பெண், தன் பெண் குழந்தை செத்ததைப் பற்றி, கடவுள் விடுதலை கொடுத்தார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். டாலிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, ஆனால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறதோ என்றும் தோன்றுகிறது. பிரசவமும் பால் கொடுப்பதுமாகவே வயது போய்விட்டதே, அன்னா வாழ ஆசைப்பட்டாள், அதில் என்ன தப்பு, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்று யோசித்து, தனக்கும் ஒரு காதல் இருப்பதாகக் கற்பனை செய்து, அது தெரியும்போது ஸ்டிவாவின் முகம் போகும் போக்கை நினைத்துச் சிரித்துக்கொள்கிறாள். குடும்பத்துக்காகவே தேய்ந்த ஒருத்தி இப்படி நினைப்பதாக ஒரு ஆண் 1870களில் எழுதியிருக்கிறான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

அங்கே போன பிறகு எல்லாம் தலைகீழ். வீட்டில் பெருமையாகப் போட்டுக்கொண்ட ஒட்டுப்போட்ட சட்டை, அந்த வீட்டு வேலைக்காரி முன்னால் கூச்சமாகிவிடுகிறது. அன்னாவின் கைக்குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று டாலி கேட்கிறாள், அன்னா தப்பாகச் சொல்கிறாள், கடைசியாக முளைத்த இரண்டு பல்லை அவள் கவனிக்கவே இல்லை. ராத்திரியே டாலிக்குத் தன் பிள்ளைகள் ஞாபகம் வந்துவிடுகிறது, மறுநாளே கிளம்புகிறாள். திரும்பும் வழியில் வண்டிக்காரன், பெயர்தான் பணக்காரர்கள், குதிரைக்கு ஓட்ஸ் கொஞ்சமாகத்தான் போட்டார்கள் என்று முணுமுணுக்கிறான். ஒரு பெரிய வீட்டின் இறுக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அதே டாலி வீடு வந்து சேர்ந்ததும், அங்கே எவ்வளவு அன்பாகக் கவனித்தார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறாள், அவர்களைப் பற்றி யாரையும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச விடவில்லை. ஏன் என்று கேளுங்கள். உங்கள் மாலை முழுக்க அதற்கே போய்விடும்.

கேள்வி: அன்னா இறந்த பிறகும் ஒரு பாகம் முழுக்க வருகிறதே, எதற்கு? எங்கள் குழுவில் பாதிப் பேர் அதைத் தாண்டிவிட்டார்கள்.
வாசகர், திருநெல்வேலி

பதில்: தாண்டியது உங்கள் நண்பர்கள் மட்டும் இல்லை, நாவலைத் தொடராக வெளியிட்ட 'ரஷ்யத் தூதுவன்' பத்திரிகையும் அதைப் போடவில்லை. துருக்கியை எதிர்த்து செர்பியாவுக்கு ரஷ்யத் தொண்டர்கள் சண்டைக்குப் போன காலம் அது, எட்டாம் பாகத்தில் டால்ஸ்டாய் அந்த ஆவேசத்தைச் சந்தேகத்தோடு பார்க்கிறார், ஆசிரியர் கட்கோவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் 1877இல் டால்ஸ்டாயே தனியாக அச்சடித்து வெளியிட்டார். பாகத்தின் முன்பாதியில் விரான்ஸ்கி பல்வலியோடு போருக்குப் புறப்படும் ரயில் நிலையக் காட்சிக்காகவாவது படிக்கச் சொல்லுங்கள். நாவலின் இன்னொரு நாயகன் லெவின் கடவுளைத் தேடும் பக்கங்கள் எனக்கும் கொஞ்சம் நீளம்தான்.

கேள்வி: கூட்டத்துக்கு முன் யாரும் முழுசாகப் படித்து முடிப்பதில்லை. பெயர்களும் குழப்புகின்றன. என்ன செய்யலாம்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாதம் ஒரு நாவல் என்ற கணக்கை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். ரஷ்யாவில் முதன்முதலில் படித்தவர்களே 1875இல் தொடங்கி 1877 வரை தொடராகத்தான் படித்தார்கள். எட்டுப் பாகம், எட்டுக் கூட்டம் என்று வையுங்கள், தமிழில் நா. தர்மராஜன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பெயருக்கு அட்டையின் உள்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், டாலிதான் தார்யா அலெக்சாண்ட்ரோவ்னா என்பது தெரியாமல் பாதி நாவல் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கணவன் கரீனின், காதலன் விரான்ஸ்கி இரண்டு பேருமே அலெக்ஸி, அந்தக் குழப்பத்தை மட்டும் தீர்க்காதீர்கள். நாலாம் பாகத்தில் ஜுரத்தில் பிதற்றும்போது அன்னாவே அதைச் சொல்கிறாள், அந்த இடத்தில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.